பால் ஊருக்கு, கறி சேரிக்கு: ஒரு தட்டுச் சோற்றின் வரலாறு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகள் எங்கள் வீட்டு அடுப்படியைக் கைப்பற்றிக்கொண்டாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "சித்தி, இன்னிக்கு நான்தான் சமையல். நீங்க கறி மட்டும் வாங்கிட்டு வந்துருங்க" என்றாள். பேகம்பூர் பக்கம் போய் அரைக்கிலோ மாட்டுக்கறி வாங்கி வந்தேன். பொடிப் பொடியாக நறுக்கினாள். சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, சோம்பு, மிளகு போட்டு வதக்கி, குக்கரில் ஏழு விசில் விட்டாள். தண்ணீர் வற்றியதும் வடித்து வைத்திருந்த சீரகச் சம்பாச் சோற்றை அதில் போட்டுக் கிளறினாள். கடைசியாக ஃப்ரிட்ஜில் இருந்து சீஸ் துண்டுகளை எடுத்து மேலே பரப்பி மூடி வைத்தாள். இரண்டு நிமிடத்தில் சீஸ் உருகிச் சோற்றுக்குள் இறங்கியது.

நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, குக்கர் முதல் விசில் அடித்த உடனே சொன்னது ஒன்றுதான்: "சன்னலச் சாத்துடி."

நாங்கள் இருப்பது திண்டுக்கல் நகரத்தில் ஒரு வாடகை வீடு. இதற்கு முன்னால் இருந்த வீட்டை எதற்காகக் காலி செய்தோம் என்று அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அங்கே யாரும் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. "வாடை வருதுன்னு மாடில சொல்றாங்க" என்று ஆரம்பித்து, மூன்றாம் மாதம் "எங்க பையனுக்கு வீடு வேணும்" என்று முடிந்தது. உங்களில் பலருக்கும் இது தெரிந்த கதைதான்.

சன்னலைச் சாத்தினோம். சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு வாய் எடுத்து வைத்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் மென்றார். "அந்தக் காலத்துல மாட்டுக் கொழுப்ப உருக்கி, சுடுசோத்துல ஊத்திப் பெசஞ்சு குடுப்பாக. அது மாதிரியே இருக்கு. இது என்னடி, பாலுல செஞ்ச கொழுப்பா?"

"ஆமா அம்மாச்சி, பாலுதான்."

அம்மா சிரித்தார். "பாலு எங்களுக்கு எங்கடி கெடச்சுச்சு? பாலு ஊருக்குள்ள போயிரும். மாடு செத்த பெறகுதான் எங்க தெருவுக்கு வரும்."

சமூகவியல் முதுகலைப் படிப்பில் இரண்டு வருடம் சாதியைப் பற்றிப் படித்திருக்கிறேன். அம்மாவின் அந்த இரண்டு வரியில் இருந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. ஒரே மாடு. அதன் பால் ஒரு பக்கம் போனது, பிணம் இன்னொரு பக்கம் வந்தது. அந்த இரண்டும் எங்கள் வீட்டில் ஒரே தட்டில் வந்து சேர எத்தனை காலம் ஆனது, அதற்கு யார் யார் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத நினைக்கிறேன்.

மாட்டைச் சுற்றிய ஊர்

திண்டுக்கல் சமவெளி மழையை நம்பி மட்டும் பிழைத்த பூமி இல்லை. சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே கிடக்கும் இந்த மேட்டு நிலத்தில் விவசாயம் என்றால் கிணறு. கிணறு என்றால் மின்சாரம் வருவதற்கு முன்னால் கமலை. இரண்டு காளைகள் சரிவில் இறங்கும்போது கயிறு இழுபட்டு, சால் மேலே வரும். அந்தச் சாலின் அடியில் ஒரு தோல் வால் இருக்கும். சால் மேலே வந்ததும் அந்த வால் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் பாயும். அந்தத் தோல் கிழிந்தால் பயிர் காயும்.

அந்தத் தோலைச் செய்தவர்கள் யார்? செத்த மாட்டைத் தூக்கிப்போய், உரித்து, பதப்படுத்தி, தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். கமலை வால், வடம், செருப்பு என்று ஊர் விவசாயத்தின் பாதிக் கருவிகள் அவர்கள் கையிலிருந்து வந்தன. கூலி காசாக வரவில்லை; களத்தில் அறுவடை முடிந்ததும் அளந்து போடும் தானமாக வந்தது. உழைப்புக்குக் கொடுக்கும் கூலியைத் 'தானம்' போலக் கொடுப்பது சாதியின் பழைய தந்திரம். வாங்குபவர் கையேந்தி நிற்க வேண்டும், கொடுப்பவர் வள்ளல் ஆகிவிடுவார்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளில் ஒரு சின்னத் தகவல் வருகிறது. இந்தத் தோல் தொழிலாளர்கள் ஆவாரஞ்செடியை மிகவும் மதிக்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் அதன் கிளையில் ஒரு தாலி கட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். காலனிய அதிகாரிக்கு அது ஒரு விநோதச் சடங்கு. ஆனால் ஆவாரம்பட்டைதான் தோலைப் பதப்படுத்தும் பொருள். தன் தொழிலுக்குச் சோறு போடும் செடியை ஒரு சமூகம் கும்பிட்டிருக்கிறது. சரஸ்வதி பூசைக்கு லேத் மெஷினுக்குப் பொட்டு வைப்பதை யாரும் விநோதம் என்று எழுதுவதில்லை.

பறையர் சமூகத்தின் மீது வேறு விதமாக இந்த வேலை விழுந்தது. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, சாவுக்குப் பறையடிப்பது, வெட்டியான் வேலை. பறைக்கும் தோல் மாட்டினுடையது. பறை மட்டுமா? சபாக்களில் வாசிக்கப்படும் மிருதங்கத்தின் தோலும் பசுவிலிருந்தும் எருமையிலிருந்தும் ஆட்டிலிருந்தும்தான் வருகிறது. டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் இதை வெளிப்படையாகப் பேசியதற்கே சர்ச்சை வந்தது. அந்தத் தோலில் பிறக்கும் இசைக்குக் கைதட்டுகிறவர்கள் அந்தத் தோலை உரித்தவரைத் தெருவுக்குள் விடவில்லை.

இப்படித்தான் மாட்டைச் சுற்றி ஊர் பிரிக்கப்பட்டது. பால், தயிர், நெய், உழவு, சாணம் எல்லாம் ஊருக்கு. பிணமும் அதன் வாடையும் சேரிக்கு. பிறகு அந்த வாடையையே காரணம் காட்டி, "அவர்கள் அசுத்தமானவர்கள்" என்று எழுதி வைத்தார்கள்.

தோல் ரயிலேறியது

1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை திண்டுக்கல் வழியாக வந்தது. அதன் பிறகு திண்டுக்கல்லின் தோல் உள்ளூர்க் கிணற்றோடு நிற்கவில்லை. முஸ்லிம் வணிகர்கள் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை நடத்தினார்கள். இந்த ஊருக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள உறவு பழையது. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பவுஜ்தாராக வந்தார். பேகம்பூர் என்ற பெயரே அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வந்ததுதான். தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து பட்டையில் பதனிட்ட தோல் சென்னை வழியாகக் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது.

பட்டையில் பதப்படுத்திய தோல் தண்ணீரில் ஊறி ஊறிச் சீக்கிரம் நைந்துபோகும். அதனால்தான் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903இல் சென்னைக் கலைப் பள்ளியில் குரோமியம் உப்பால் பதனிடும் முறையைத் தொடங்கினார். அவர் மனதில் இருந்த முக்கியமான பயன்களில் ஒன்று கமலைச் சால். குரோம் தோல் தண்ணீரில் நாள்பட உழைக்கும் என்று கண்டார். விவசாயத்துக்குத் தண்ணீர் இறைக்கக் கொண்டுவந்த அதே குரோமியம், பிற்பாடு நம் பகுதியின் தண்ணீரையே கெடுத்தது. 1950களுக்குப் பிறகு மின் மோட்டார் பரவி கமலை மறைந்தது. தோல் தொழிற்சாலை மட்டும் வளர்ந்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 'மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட மாவட்டங்களில் அப்போதைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நம் மாணவர்கள் சுற்றுச்சூழல் பாடத்தில் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். நிலத்தடி நீர் கெட்ட விவசாயியைப் பற்றிப் படிக்கிறார்கள். அந்தத் தொட்டிக்குள் முட்டளவு நீரில் வெறுங்காலோடு நின்றவர் யார், அவர் என்ன சாதி, வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார் என்ற கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை.

"இனிமேல் தூக்க மாட்டோம்"

இந்த வரலாற்றில் நாம் அவசரப்பட்டுக் கடந்துபோகக் கூடாத ஓர் இடம் உண்டு. "மாட்டுக்கறி எங்கள் பண்பாடு" என்று இன்று முழக்கம் போடுகிறோம். ஆனால் நம் பாட்டன்கள் பலர் அந்தக் கறியை எதிர்த்துப் போராடினார்கள். ஏன்?

1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விட்டுவிடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அவர் எதிர்த்தது மாட்டுக்கறியின் ருசியை அல்ல. நோயில் செத்த மாட்டைக் கூலியில்லாமல் தூக்க வேண்டும், அதன் கறியையே கூலியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அடிமை ஏற்பாட்டை எதிர்த்தார். 1948இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள் யார்?' நூலில் இதன் வேரைத் தேடிப் போனார். வேத காலத்தில் பிராமணர்களும் மாட்டுக்கறி தின்றார்கள், பவுத்தத்தோடு நடந்த போட்டியில் அதைக் கைவிட்டார்கள் என்றார். சிதறுண்ட மக்கள் ஊருக்கு வெளியே இருந்தார்கள், வறுமையில் செத்த மாட்டுக் கறியை நம்பியிருந்தார்கள், அவர்களால் அதை விட முடியவில்லை என்றார். கி.பி. 400 வாக்கில் தீண்டாமை பிறந்தது அங்கேதான் என்பது அவர் முடிவு. அறிஞர்களிடையே இதில் விவாதங்கள் உண்டு. ஆனால் தீண்டாமைக்கு ஒரு தொடக்கம் உண்டு, தொடக்கம் இருந்தால் முடிவும் உண்டு என்று காட்டியது அந்த நூல்தான்.

தமிழ் மண்ணிலும் மாடு தின்றதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. அகநானூற்றின் 129ஆம் பாடலும் 309ஆம் பாடலும் ஆவைக் கொன்று தின்ற மழவர்களைப் பற்றிப் பேசுகின்றன. அவர்களை யாரும் அதற்காக இழிவானவர்கள் என்று சொல்லவில்லை. கறி அப்படியேதான் இருந்தது. அதைத் தின்றவர்களைப் பார்க்கும் கண்தான் பிற்பாடு மாறியது.

இருபதாம் நூற்றாண்டில் நம் சமூகங்களுக்குள் இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று, கறியையே விட்டுவிடுவது. பல சாதிச் சங்கங்கள் கூடி, "இனி மாட்டுக்கறி தின்பவருக்கு அபராதம்" என்று முடிவெடுத்தன. எம்.என். ஸ்ரீனிவாஸ் 1952இல் எழுதிய குடகு பற்றிய நூலில் இந்தப் போக்குக்கு 'சமஸ்கிருதமயமாக்கல்' என்று பெயர் கொடுத்தார். மேல்சாதி வழக்கத்தைப் பின்பற்றினால் மேலே போய்விடலாம் என்ற நம்பிக்கை அது. அப்படிப் போனவர்களை நான் குறை சொல்லவில்லை. அடி வாங்கியவருக்குத்தான் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று தெரியும். ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். கறியை விட்டவர்கள் விடாதவர்களைக் கீழே பார்க்க ஆரம்பித்தார்கள். "நாங்க அதெல்லாம் திங்கிறதில்ல" என்று ஒரு தலித் இன்னொரு தலித்திடம் சொல்லும்போது, அங்கே வேலை செய்வது மனுவின் கணக்குதான். திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களில் சமூகப் பணிக்காகப் போகும்போது இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். கறியை விட்ட வீட்டுக்கும் டீக்கடையில் தனிக் குவளைதான் இருந்தது என்பதையும் சேர்த்தே கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது வழி, வேலையை விடுவது. "செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், இலவசமாகப் பறையடிக்க மாட்டோம்." எங்கள் ஊரில் இந்த முடிவை எடுத்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர் என்று அம்மா சொல்வார். எந்த வருடம் என்று கேட்டால், "உங்க மாமா கைக்கொழந்தையா இருந்தப்ப" என்பார். முடிவெடுத்த அந்தக் கோடையில் களத்தில் நெல் அளக்கவில்லை. கிணற்று வேலைக்குக் கூப்பிடவில்லை. மூன்று நாள் ஓடைக்கரையில் ஒரு காளை கிடந்து நாறியது. நான்காம் நாள் மாட்டுக்காரரே ஆள் வைத்து, காசு கொடுத்துப் புதைத்தார். "அன்னைக்குத்தான் அந்த வேலைக்குக் காசு உண்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சது" என்பார் அம்மா.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைப் பசுப் பாதுகாவலர்கள் என்ற பெயரில் வந்தவர்கள் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக சுரேந்திரநகரில் நம் மக்கள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள். உங்கள் தாய் என்றால் நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்பதுதான் அந்தச் செயலின் பொருள்.

மாணவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று: 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மனிதப் பிணத்தையோ விலங்குப் பிணத்தையோ தூக்க வைப்பதும், குழி தோண்ட வைப்பதும் குற்றம். என் தாத்தா பட்டினி கிடந்து சொன்னதை, பல பத்தாண்டுகள் கழித்துச் சட்டம் சொல்கிறது.

ஆகவே, செத்த மாட்டுக் கறியை மறுத்ததும் இன்று கடையில் கறி வாங்கிச் சமைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. அவர்கள் வீசியதை எடுக்க மாட்டோம் என்று சொன்னவர்களின் பேத்திதான், தனக்குப் பிடித்ததைக் காசு கொடுத்து வாங்கிச் சமைக்கிறாள். நடுவில் மாறியிருப்பது கறி இல்லை. கூலி மாறியிருக்கிறது. தேர்ந்தெடுக்கும் கை மாறியிருக்கிறது.

உப்புக்கண்டம்

அடிமைத்தனத்தோடு வந்தது என்பதற்காக அந்த அடுப்படியில் இருந்த அறிவையும் சேர்த்துக் குப்பையில் போட முடியாது. ஒரு மாடு வந்தால் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. ஃப்ரிட்ஜ் இல்லை. அதற்கு நம் பெண்கள் கண்டுபிடித்த வழி உப்புக்கண்டம்.

அம்மா சொன்னபடி எழுதுகிறேன். கறியை எலும்பு நீக்கி நீள நீளமாக வார்களாக அரிய வேண்டும். கல்லுப்பும் மஞ்சளும் தேய்த்து ஒரு ராத்திரி வைக்க வேண்டும். வசதி இருந்தால் வர மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவலாம். மறுநாள் கயிற்றில் கோத்து, காக்கை தூக்காத இடமாகப் பார்த்து வெயிலில் கட்ட வேண்டும். சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்து, காலையில் மறுபடி கட்ட வேண்டும். கறி விறகு மாதிரி ஆனதும் பானையில் போட்டு வாய் கட்டிவிட வேண்டும். வேலை இல்லாத மழைக்காலத்தில் ஒரு துண்டை எடுத்துத் தணலில் சுட்டு, அம்மியில் வைத்து நசுக்கினால் ஒரு சட்டிக் கேப்பைக்கூழுக்குப் போதும்.

அதே போலக் கொழுப்பை உருக்கி எடுத்து வைப்பது. நல்லெண்ணெய்க்கும் நெய்க்கும் வழியில்லாத வீட்டில் அதுதான் தாளிக்க, அதுதான் பிள்ளைகளின் சோற்றில் ஊற்ற. குடலைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவுவது, ஈரலைச் சுட்டுக் கொடுப்பது, எலும்பை நாள் முழுக்கக் கொதிக்க வைத்து ரசமாக்குவது. பிரசவித்த பெண்ணுக்கு எது, காய்ச்சலில் எழுந்தவருக்கு எது என்று ஒரு கணக்கே இருந்தது. இரும்புச் சத்தும் புரதமும் நிறைந்த, ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிற உணவு இது.

அக்கா மகள் சோற்றில் சீஸ் உருகியபோது அம்மாவுக்கு உருக்கிய கொழுப்பு ஞாபகம் வந்தது தற்செயல் இல்லை. சூடான சோறு, கறி, மேலே உருகிய கொழுப்பு. சமையல் முறை அதேதான்.

பிரியாணிக்குப் பெயர் உண்டு

திண்டுக்கல் என்றால் பூட்டு, அடுத்து பிரியாணி. 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி ஆகி, இன்று உலகம் முழுக்கக் கிளை விட்டிருக்கிறது. சீரகச் சம்பா, ஆட்டுக்கறி என்று அதன் பெருமை எல்லோருக்கும் தெரியும். அதே நகரத்தில் அதே சீரகச் சம்பாவில் வேகும் மாட்டுக்கறி பிரியாணிக்கு ஊர்ப் பெயர் கிடைக்கவில்லை. 'பெரிய கறி', 'பீஃப்' என்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறோம். ஓர் ஊரின் பெயரை எந்தச் சாப்பாட்டுக்குச் சூட்டலாம் என்பதும் அதிகாரம்தான்.

2022 மே மாதம் ஆம்பூரில் அரசு சார்பில் பிரியாணித் திருவிழா அறிவித்தார்கள். ஆம்பூர் என்றாலே தோலும் பிரியாணியும்தான். ஆனால் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம், இந்த விலக்கலைச் சாதிப் பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஓர் அரசு ஆணையம் பிரியாணித் தட்டைத் தீண்டாமையின் கண்ணாடியில் பார்த்தது நமக்கு முக்கியமான முன்னுதாரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் மாட்டுக்கறி சாப்பிடுவது குற்றம் இல்லை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயது கடந்த, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாட்டைச் சான்றிதழ் பெற்று வெட்டலாம். 1976இல் வந்த அரசாணை பசுவையும் கிடேரியையும் வெட்டத் தடை விதித்தது. காளை, எருது, எருமைக்கு அந்தத் தடை இல்லை. 2017 மே மாதம் ஒன்றிய அரசு சந்தைகளில் வெட்டுக்காக மாடு விற்கத் தடை போட்டபோது, அதற்கு முதலில் இடைக்காலத் தடை விதித்தது நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளைதான், மே 30 அன்று. ஜூலை 11இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது.

அந்த விதி வந்திருந்தால் அடி வாங்கியிருப்பவர் கறி தின்பவர் மட்டும் இல்லை. மணப்பாறைச் சந்தைக்கு வற்றிய மாட்டை ஓட்டி வருகிற சம்சாரியும்தான். பால் வற்றிய மாட்டை விற்ற காசில்தான் அவர் அடுத்த கறவை வாங்குகிறார். உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு காளைக் கன்றுக்கு வேறு வேலை இல்லை. பால் பண்ணை இருக்கும் இடத்தில் கறிக்கடை இருந்தே தீரும். ஒன்றைப் புனிதம் என்றும் மற்றதைப் பாவம் என்றும் பிரிப்பது மாட்டுக்குத் தெரியாது.

சீஸுக்கும் இதே கதை. ஐரோப்பாவில் பாலைத் திரித்துச் சீஸ் ஆக்கக் காலங்காலமாகப் பயன்படுத்தியது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட். இந்தியாவில் அதற்குப் பதிலாக நுண்ணுயிர்களிலிருந்து எடுத்த நொதியைப் போட்டு, பொட்டலத்தில் பச்சைப் புள்ளி குத்தி விற்கிறார்கள். பச்சைப் புள்ளி உள்ள சீஸை எந்த வீட்டுக்காரரும் மோப்பம் பிடிப்பதில்லை. எங்கள் தட்டில் இருந்த பாதிக்கு ஜன்னலைத் திறந்து வைக்கலாம். மீதிப் பாதிக்குச் சாத்த வேண்டும்.

எழுதி வையுங்கள்

தோழர்களே, மாட்டுக்கறி தின்றே ஆக வேண்டும் என்று யாரையும் நான் சொல்லவில்லை. தின்னாத தலித்தும் தலித்தே. பிடிக்காதவர் விட்டுவிடலாம், உடம்புக்கு ஆகாதவர் விட்டுவிடலாம். வெட்கப்பட்டு மட்டும் விடாதீர்கள். விடுதியில் டிஃபன் பாக்ஸைத் திறக்கத் தயங்கும் பிள்ளையைப் பார்த்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். 2009இல் புனே பல்கலைக்கழகப் பெண்கள் ஆய்வு மையத்தில் சர்மிளா ரேகேவும் மாணவர்களும் தலித் பெண்களின் உணவு நினைவுகளையும் சமையல் குறிப்புகளையும் தொகுத்தார்கள். 'இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா?' என்பது அந்தத் தொகுப்பின் கேள்வி. 2015இல் ஷாஹு பட்டோலே மராத்வாடா தலித் சமையலை மராத்தியில் முழு நூலாகவே எழுதினார். திண்டுக்கல் சமவெளியின் சேரிச் சமையல் இன்னும் நம் அம்மாச்சிகளின் நாக்கில்தான் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போகும். உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. இந்த வாரம் உங்கள் பாட்டியிடம் உட்கார்ந்து உப்புக்கண்டத்தில் ஆரம்பியுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மாடு எங்கிருந்து வந்தது, யார் தூக்கினார்கள், என்ன கூலி, எப்போது நிறுத்தினீர்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்றும் கேளுங்கள். அதுதான் நம் வரலாறு. எந்த ஆவணக் காப்பகத்திலும் அது இல்லை.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அக்கா மகள் கேட்டாள்: "அம்மாச்சி, சன்னல் எதுக்குச் சாத்தச் சொன்னீங்க? நம்ம காசுல வாங்குனதுதான?"

அம்மா பதில் சொல்லவில்லை. சட்டியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டி, எதிர்வீட்டுப் பிள்ளைக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தார். அது அவ்வப்போது வந்து சாப்பிட்டுப் போகும், அதன் வீட்டுக்குத் தெரியாமல். பிறகு போய்ச் சன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தார்.

இன்னொரு கதவு பாக்கி இருக்கிறது. ஜெய் பீம்.